நாலு விரற்கடைத் துணி

லண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர்கள் பார்லிமெண்டு மாளிகையையும், தேம்ஸ் நதிக்கரைக் கோட்டையையும், பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையையும் பாராமல் திரும்புவதில்லை. கோட்டையிலே கோஹினூர் வைரம் இருக்கிறது. பொருட்காட்சிச் சாலையிலே அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. இவற்றின் முன் நின்று ஒரு பெருமூச்சு விடுவது இந்திய யாத்திரிகனின் நித்திய கர்மங்களில் ஒன்றாகிவிட்டது. ஆனால் அந்தப் பொருட்காட்சிச் சாலையிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் போய்ச் சேரக்கூடிய மற்றோர் இடத்தை நம்மவர்களில் அநேகர் எட்டிப் பார்ப்பதில்லை. பிரன்ஸ்விக் சதுக்கத்தில் 40-ஆம் இலக்கமிட்ட கட்டிடம் அது. அங்கே வைரமும் இல்லை, சிற்பமும் இல்லை. அங்கே சொல்லப்படுவது பழைய குழந்தைத் துணிகளின் கதை.

வாசலில் இரும்புக் கிராதி ஒன்று இருக்கிறது. அதன் கம்பி முனையில் ஒரு சிறு குழந்தையின் கையுறை மாட்டப்பட்டிருக்கிறது. யாரோ ஒரு தாய் கவனமின்றித் தவறவிட்டதை வழிப்போக்கர் எடுத்து மாட்டியிருக்கிறார் போலும் என்று தோன்றும். தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும். அது வெண்கலம், டிரேஸி எமின் என்ற சிற்பக் கலைஞர் வார்த்தது. தொலைந்துபோன குழந்தையின் உடைமை ஒன்று, எடுத்துப் போக யாரும் வராமல் காத்திருக்கிறது. உள்ளே நாம் காணப்போவது அனைத்தும் அந்த ஒரு கையுறையில் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

கப்பல் தலைவனின் கைங்கரியம்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் அமெரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பினார். நகரத்துக்கு வரும் பாதைகளின் ஓரத்தில் பச்சைக் குழந்தைகள் எறியப்பட்டுக் கிடப்பதைக் கண்டார். சில இறந்திருந்தன, சில இறந்துகொண்டிருந்தன. செல்வத்தில் மிதந்த மாநகரத்தில் இப்படியும் ஒரு காட்சியா என்று அவர் உள்ளம் துடித்தது. பதினேழு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினார். உயர்குலப் பெண்மணிகள் முதலில் கையெழுத்திட்டார்கள், ஆண்கள் பின்தொடர்ந்தார்கள். 1739-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ஆம் தேதி அரசரின் சாஸனம் கிடைத்தது. 'பவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல்' என்று பெயர். நோயாளிகளின் ஆஸ்பத்திரி என்று எண்ண வேண்டாம். கைவிடப்பட்ட சிசுக்களை வளர்க்கும் இல்லம் என்பதே பொருள்.

1741-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ஆம் தேதி இரவு கதவு திறந்தது. அன்றே முப்பது குழந்தைகள் சேர்ந்துவிட்டன. மறு வருஷமே இடத்துக்கு மிஞ்சிய கூட்டம். ஆகவே தாய்மார்களை வரிசையில் நிறுத்தி, ஒரு பைக்குள் கையை விட்டுப் பந்து எடுக்கச் சொன்னார்கள். வெள்ளைப் பந்து வந்தால் குழந்தைக்கு இடம் உண்டு. கறுப்புப் பந்து வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். சிவப்புப் பந்து வந்தால் யாராவது நோயுற்ற குழந்தை விலக்கப்படும்வரை காத்திருக்கலாம். குலுக்கல் சீட்டில் பரிசு விழவேண்டும் என்று வேண்டிக்கொள்பவரைப் பார்த்திருக்கிறோம். பெற்ற குழந்தையைப் பிரியும் பாக்கியம் கிட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாய்மார் எத்தகைய வறுமையில் இருந்திருப்பர்!

1756 முதல் 1760 வரை பார்லிமெண்டு பணம் கொடுத்து, வருகிற குழந்தைகளையெல்லாம் ஏற்கச் செய்தது. அந்த நாலு வருஷத்துக்குள் சுமார் 15,000 குழந்தைகள் வந்து சேர்ந்தன; அவற்றில் பதினாயிரத்துக்கு மேல் மாண்டு போயின. தர்மத்துக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

துண்டை நறுக்கிக் குத்திய குண்டூசி

குழந்தையைக் கொண்டுவருபவள் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்கும் உள்ளே சென்றதும் வேறு பெயர் சூட்டி ஞானஸ்நானம் செய்துவிடுவார்கள். பின்னொரு காலத்தில் தாய் திரும்பி வந்து "என் குழந்தையைக் கொடுங்கள்" என்றால் எந்தக் குழந்தை என்று எப்படி அறிவது? இதற்கென்று ஓர் உபாயம் செய்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அச்சடித்த படிவம் ஒன்று. அதில் வருகைத் தேதி, ஆணா பெண்ணா, உடம்பிலுள்ள மச்சம் தழும்பு, அணிந்திருந்த துணிகள் ஆகியவற்றை எழுதுவார்கள். கூடவே ஓர் அடையாளப் பொருளையும் வைப்பார்கள். சிலர் தேய்ந்த நாணயத்தில் எழுத்துப் பொறித்துக் கொடுத்தார்கள். சிலர் மோதிரம் கொடுத்தார்கள். ஆனால் மிகப் பெரும்பாலும் அடையாளமாக நின்றது துணிதான். குழந்தையின் சட்டையிலிருந்தோ, தாயின் கவுனிலிருந்தோ நாலு விரற்கடைத் துண்டை நறுக்கிப் படிவத்தோடு குண்டூசியால் குத்தி, மடித்து முத்திரையிட்டார்கள்.

அப்படிக் குத்தியவற்றில் சுமார் 5,000 துண்டுகள் இன்றும் இருக்கின்றன. படிவங்களையெல்லாம் பிற்காலத்தில் பெரிய பெரிய புத்தகங்களாகத் தைத்துவிட்டார்கள். அவை லண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. ஜான் ஸ்டைல்ஸ் என்ற சரித்திரப் பேராசிரியர் அவற்றை ஆராய்ந்து 2010-ஆம் வருஷத்தில் இதே பொருட்காட்சிச் சாலையில் ஒரு கண்காட்சி நடத்தினார். உலகத்தார் கண்களில் இத்துண்டுகள் பட்டது அதன் பிறகுதான்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். பிரபுக்கள் வீட்டுக் குழந்தைகளின் பட்டு அங்கிகளும் ஞானஸ்நான உடைகளும் எத்தனையோ காட்சிசாலைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கின்றன. ஏழைக் குழந்தையின் துணி எங்கும் இல்லை. ஏனெனில் ஏழை வீட்டில் துணி ஒருபோதும் ஓய்வு பெறுவதில்லை. தாயின் கவுன் மகளின் பாவாடையாகிறது, பாவாடை குழந்தையின் சட்டையாகிறது, சட்டை அணைத்துணியாகிறது, அதுவும் கந்தலானால் கந்தல் வியாபாரி எடைக்கு வாங்கிச் சென்று காகித ஆலைக்குக் கொடுக்கிறான். அக்காலத்துக் காகிதம் கந்தலிலிருந்து செய்யப்பட்டதுதான். ஆக, துணித்துண்டு குத்தப்பட்டிருக்கும் அந்தப் படிவமே ஒரு காலத்தில் யாரோ உடுத்திய துணி! தப்பிப் பிழைத்த கந்தல் ஒன்று, தப்பாத கந்தலின்மீது குத்தப்பட்டிருக்கிறது.

தலை முதல் கால் வரை

படிவத்தில் அச்சிட்டிருக்கும் துணிகளின் ஜாபிதாவைப் படித்தால், அக்காலத்துக் குழந்தையை எப்படி உடுத்தினார்கள் என்பது கண்முன் வந்து நிற்கும். தலைக்கு மட்டும் மூன்று உருப்படி: தலையோடு ஒட்டிய உட்குல்லா, நெற்றியில் கட்டும் முக்கோணத் துணி, அவற்றின்மேல் வெளிக்குல்லா. உடம்புக்கு முன்புறம் திறந்த சட்டை. அதன்மேல் கையில்லாத உள்ளங்கி. வயிற்றைச் சுற்றி நீண்ட பட்டை. இடுப்புக்கு அணைத்துணி, ஈரம் வெளியே கசியாதிருக்க அதன்மேல் கம்பளித் துணி. பிறகு பிளானல் போர்வை, மார்புத்துணி, மேற்போர்வை. தலை ஆடாதிருக்கக் குல்லாவிலிருந்து தோளுக்கு இழுத்துக் குத்தும் பட்டை வேறு. இத்தனைக்கும் பொத்தான் கிடையாது. நாடாவால் முடிவார்கள், அல்லது குண்டூசியால் குத்துவார்கள். இன்றைய காவலூசி அன்று பிறக்கவில்லை.

இதற்கு முந்தைய தலைமுறைகளில் இன்னும் கடுமை. பிறந்த சிசுவைத் தோள் முதல் பாதம் வரை பட்டைத் துணியால் இறுகச் சுற்றிவிடுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் கைகால்கள் கோணலாக வளரும் என்பது நம்பிக்கை. இதை எதிர்த்துப் பெருங்குரல் எழுப்பியவர் வில்லியம் கடோகன் என்ற வைத்தியர். குழந்தைக்கு வேண்டியது சூடும் கட்டும் அல்ல, காற்றும் அசைவுமே என்று 1748-ஆம் வருஷத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அதை வெளியிட்டவர்கள் இந்த இல்லத்து நிர்வாகிகளே. கடோகனும் பின்னர் இங்கே வைத்தியராயிருந்தார். அனாதைக் குழந்தைகளை வளர்க்கப் புகுந்த இடத்திலிருந்து, அரண்மனைக் குழந்தைகளுக்கும் விடுதலை பிறந்தது என்றால் மிகையாகாது.

இனித் தையலைப் பார்ப்போம். குழந்தையின் சட்டையை வெட்டுவதில் அன்றைய பெண்கள் காட்டிய சிக்கனம் ஒரு க்ஷேத்திர கணிதப் பாடம். வளைவாக எதையும் வெட்டமாட்டார்கள். உடம்புக்கு ஒரு நீள்சதுரம். கைக்கு இரண்டு நீள்சதுரம். அக்குளில் பிடிக்காமல் இருக்க ஒரு சிறு சதுரத் துண்டைக் கோணலாக வைத்துத் தைப்பார்கள். தோளில் துணியை மடித்து விடுவதால் அங்கே தையலே இல்லை. வெட்டியெறியும் துணி கையகலம்கூட மிஞ்சாது. மென்மையான தோலை உறுத்தாதபடி விளிம்புகளை உள்ளே மடித்துத் தட்டையாகத் தைத்தார்கள். எல்லாம் கைத்தையல்தான், தையல் யந்திரம் வீடுகளுக்கு வர இன்னும் நூறு வருஷம் இருந்தது.

நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஆண், பெண் என்ற பேதமின்றிக் கவுன்தான். ஆண் குழந்தைக்கு ஐந்தாறு வயது ஆகும்வரை காற்சட்டை கிடையாது. கவுனின் இரு தோள்களிலும் நீண்ட பட்டை தைத்திருப்பார்கள். தத்தித் தத்தி நடக்கும் குழந்தை விழுந்துவிடாமல் தாய் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள அது கடிவாளம். பாவாடையில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்து, குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள்.

இதைப் படிக்கும் தாய்மார்கள் புன்னகை செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பாவாடைக்கு 'டக்' பிடிப்பதை நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு யாரும் லண்டனிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், நீண்ட ஆயுளுடன் வாழ்ந்தவரின் பழைய வேஷ்டியைக் கிழித்துப் போடுகிறோம். தாயின் பழம் புடவையில் தூளி கட்டுகிறோம். நூறு முறை துவைத்த துணியின் மென்மை எந்த ஆலைத் துணிக்கும் வராது என்பதை அங்கிருந்த ஏழைத் தாயும் அறிந்திருந்தாள். இங்கிருக்கும் தாயும் அறிவாள்.

சோழமண்டலக் கரையின் சாயல்

இத்துண்டுகளின் நிழற்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறவன், தமிழ்நாட்டானாக இருந்தால், எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று திகைப்பான். நீலமும் வெள்ளையுமான கட்டங்கள், கம்பளித் துணிகள், பட்டு நாடாக்கள் இவையெல்லாம் அந்நாட்டுச் சரக்குத்தான். ஆனால் சிவப்பும் ஊதாவும் கறுப்புமாகப் பூவும் கொடியும் மொட்டும் அச்சிட்ட துண்டுகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் பரம்பரை நம் கரையைச் சேர்ந்தது.

சீட்டித் துணியை நாம் அறிவோம். சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, காரத்தால் சித்திரம் தீட்டி, சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பேற்றினார்கள். நீலம் வேண்டாத இடத்தில் மெழுகு பூசிவிட்டு அவுரித் தொட்டியில் முக்கினார்கள். வெளுக்க வெளுக்க அந்த நிறம் மெருகேறுமே தவிர மங்காது. ஐரோப்பாவில் அப்போது யாருக்கும் இந்த வித்தை கைவரவில்லை. 1639-ஆம் வருஷம் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் இடம் பிடித்ததற்கு முக்கிய காரணமே அக்கம்பக்கத்தில் துணி மலிவாகக் கிடைத்ததுதான். சீட்டி லண்டனுக்குப் போயிற்று. முதலில் திரைச்சீலை, பிறகு சீமாட்டியின் கவுன், பிறகு வேலைக்காரியின் கவுன் என்று இறங்கி வந்து ஊரெங்கும் பரவிற்று.

உள்ளூர் நெசவாளர்களுக்கு வயிறு எரிந்தது. 1701-ஆம் வருஷம் முதல் அச்சிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்குமதி செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. வெள்ளைத் துணியை இறக்கி, அங்கேயே அச்சிடத் தொடங்கினார்கள். 1719-ஆம் வருஷம் ஸ்பிடல்பீல்ட்ஸ் நெசவாளர்கள் வீதியில் இறங்கிக் காலிக்கோ கவுன் உடுத்திய பெண்கள்மீது மையைக் கொட்டினார்கள், உடையைக் கிழித்தார்கள். 1721-ஆம் வருஷச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கிற்று. கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய காலிக்கோ, ஒரு நாட்டின் சட்டத்தால் விரட்டப்பட்டது.

ஆனால் ருசி கண்ட கண் சட்டத்துக்கு அடங்குமா? ஆளிச்செடி நாரைப் பாவாகவும் பருத்தியை ஊடையாகவும் நெய்த கலப்புத் துணியில் அச்சிடலாம் என்று 1736-ஆம் வருஷம் வேறொரு சட்டம் வழிவிட்டது. சாயவேருக்குப் பதில் அவர்கள் நாட்டு மஞ்சிட்டி வேர். தூரிகைக்குப் பதில் மர அச்சு. சாயமேற்றும் இரகசியம்? 1742-ஆம் வருஷத்தில் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இக்கரையில் தம்மிடம் மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, ஒவ்வொரு படியாகக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டார். அது அச்சேறியும் விட்டது. தலைமுறை தலைமுறையாகத் தகப்பன் மகனுக்குச் சொல்லி வந்த வித்தை, நாலணாப் புத்தகத்தில் கிடைக்கும் சரக்காயிற்று. தடைச் சட்டம் 1774-ஆம் வருஷத்தில் நீங்கிற்று. ஆனால் அதற்குள் நூற்கும் யந்திரங்கள் அங்கே ஓடத் தொடங்கிவிட்டன. பிறகு துணி எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் பயணம் செய்தது என்பதை நம் பாட்டனார்கள் அறிவார்கள்.

படிவங்களில் குத்தியிருக்கும் பூத்துணிகளில் பெரும்பாலானவை இந்த இடைக்காலத்தில் நம் சீட்டியைப் பார்த்து ஆங்கில அச்சுக்காரர்கள் செய்த மலிவுப் பிரதிகள். நம்முடையதைப் போலச் செய்து நம்மைத் துரத்தினார்களே என்ற வருத்தம் மேலெழத்தான் செய்கிறது. ஆயினும் அந்தத் துணியை அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றவள் கம்பெனியின் பங்குதாரர் அல்லள். தனக்கென்று ஒரு கவுன் மட்டுமே உடையவள். அதிலும் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெட்டிய இருதயம்

எந்தத் துண்டைக் கொடுப்பது என்பதில் சில தாய்மார்கள் தங்கள் நெஞ்சையே வைத்தார்கள் போலும். மொட்டுப் படம் அச்சிட்ட துணி, பறவை அச்சிட்ட துணி, வண்ணத்துப்பூச்சி, இருதயம் என்று தேர்ந்து நறுக்கியவை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவள் எழுதிய கடிதம் அது. 1743-ஆம் வருஷத்து ஒரு படிவத்தில் மஞ்சள், நீலம், பச்சை, ரோஜா நிறங்களில் நாலு நாடாக்களைச் சேர்த்து முடிச்சிட்டு வைத்திருக்கிறது. இரு நூறு வருஷத்துக்கு மேலாக வெளிச்சம் படாமல் மடித்துக் கிடந்ததால் நிறம் நேற்றுச் சாயமேற்றியது போலிருக்கிறது.

எல்லாவற்றிலும் பிரசித்தமானது 1767-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்துத் துண்டு. ஸாரா பெண்டர் என்பவள் சார்லஸ் என்ற தன் ஆண் குழந்தையை விட்டுச் சென்றாள். பல துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, அதன்மேல் சிவப்பு நூலால் ஓர் இருதயம் வரைந்து, நடுவில் இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி படிவத்துக்கு. மறு பாதி அவளிடம். இல்லத்தில் குழந்தைக்கு பெஞ்சமின் டுவர்ல் என்று பெயர் வைத்தார்கள். எட்டு வருஷம் கழிந்தது. 1775-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஸாரா திரும்பி வந்தாள். மகன் உயிரோடிருந்தான். அழைத்துக்கொண்டு போனாள்.

இங்கே கதையை நிறுத்திவிட்டால் மனத்துக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் சரித்திர வாத்தியாருக்கு அந்தச் சலுகை இல்லை. 1741 முதல் 1760 வரை வந்து சேர்ந்த குழந்தைகள் 16,282. அவர்களில் பெற்றோர் திரும்பி வந்து மீட்டுச் சென்றவர்கள் 152 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மற்றத் துண்டுகளெல்லாம் குத்திய குண்டூசியோடு அப்படியே இருக்கின்றன. அவை இன்று நமக்குக் காணக் கிடைப்பதற்குக் காரணமே, அவற்றைக் கேட்டு யாரும் வராததுதான்.

இன்றைய தோற்றம்

பழைய கட்டிடம் இப்போது இல்லை. 1926-ஆம் வருஷத்தில் இல்லம் நகரத்தைவிட்டு வெளியேறிற்று. 1954-ஆம் வருஷத்தோடு விடுதியாக நடத்துவதும் நின்றது. அங்கிருந்த நிர்வாக சபைக் கூடத்தின் சித்திரச் சுதை விதானத்தையும், ஆண்பிள்ளைகள் ஏறி இறங்கிய மரப் படிக்கட்டையும் பெயர்த்து வந்து இப்போதைய கட்டிடத்தில் அமைத்திருக்கிறார்கள். 2004-ஆம் வருஷம் முதல் அது பொருட்காட்சிச் சாலையாக விளங்குகிறது. இல்லத்துக்கு ஓவியங்கள் அளித்த ஹோகார்த்தையும், 'மெஸையா' இசை நிகழ்ச்சி நடத்திப் பொருள் திரட்டித் தந்த ஹாண்டலையும் அங்கே போற்றி வைத்திருக்கிறார்கள்.

பழைய கட்டிடம் நின்ற நிலம் குழந்தைகளின் விளையாட்டு மைதானமாக இருக்கிறது. ஏழு ஏக்கர் விஸ்தீரணம். அதன் வாசலில் ஒரு விதி: குழந்தையை உடன் அழைத்து வராத பெரியவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஒரு காலத்தில் குழந்தையோடு உள்ளே சென்று குழந்தையின்றி வெளியே வந்த இடத்தில், இன்று குழந்தையின்றி நுழையவே முடியாது. இந்த விதியை வகுத்தவர்கள் அந்தப் பொருத்தத்தை எண்ணித்தான் வகுத்தார்களோ, அறியேன்.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் துணிகள் இருக்கின்றன: பாட்டியின் சுங்குடிச் சேலை, தகப்பனார் முதன்முதல் பள்ளிக்கூடம் போனபோது உடுத்திய சட்டை, நெய்த தறியும் சாயமிட்ட கையும் மறைந்துபோன பாவாடைகள். அவை பாத்திரக்காரனிடமோ கரித்துணிக் கூடையிலோ போய்ச் சேர்வதற்கு முன், நாலு விரற்கடை நறுக்கி ஒரு நோட்டுப் புத்தகத்தில் தைத்து வையுங்கள். பக்கத்தில் உடுத்தியவர் பெயர், நெய்த ஊர், வருஷம், தைத்தவர் யார் என்பதை எழுதுங்கள். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த சரித்திரப் புத்தகம் ஒன்றை நான் கற்பனை செய்ய முடியவில்லை. லண்டனில் அத்தகைய புத்தகம் தாய்மார்களின் துயரத்தால் எழுதப்பட்டது. நம் வீட்டில் அதை அன்பினால் எழுதலாம்.